மூட்டை பேசிய ஜப்பானிய மொழி

வரவேற்புரை முடிந்து முழுசாக ஒரு நிமிடம் ஆகிவிட்டது. எட்டுப் பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

மலையடிவாரத்து மரக்கதவுக்கு உள்பக்கம் மூட்டை இன்னும் குனிந்தபடியே நின்றான். வந்தவர்கள் பதில் சொன்ன பிறகுதான் நிமிர வேண்டும் என்று பாடத்தில் கேட்டிருந்தான். எதிரே இருந்த எட்டு ஜப்பானியர்களும் பதிலுக்குக் குனிந்தார்கள். அவர்கள் எதுவும் சொல்லாததால் அவன் நிமிரவில்லை. அவன் நிமிராததால் அவர்களும் நிமிரவில்லை.

சமையல் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த மச்சான் எட்டிப் பார்த்தார். மூட்டையின் மனைவிக்கு அண்ணன். மலையேற்றக் குழுக்களுக்குச் சமைப்பவர்.

"மாப்ள, என்ன தொலைஞ்சு போச்சு? எல்லாரும் தரையையே தேடறீங்க?"

"சும்மா இருங்க மச்சான். மரியாதை நடக்குது."

"எவ்வளவு நேரம் நடக்கும்? வெயில் ஏறுது."

மூட்டை மெல்ல நிமிர்ந்தான். எட்டு முதுகுகளும் நன்றியுடன் நிமிர்ந்தன. முன்வரிசையில் இருந்த வெள்ளைமுடி அம்மாள் இனிமையாகச் சிரித்தார். அவ்வளவுதான். ஒரு வணக்கம், ஒரு நன்றி, ஒரு "அப்படியா" கூடக் கிடையாது.

மூட்டையின் ஒன்றரை வருட உழைப்பு இந்த வரவேற்புரை.

ஒன்பது வருடமாக அவன் அந்த மலையேற்ற நிறுவனத்தில் மூட்டை தூக்கினான். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. புதிதாக வழிகாட்டியாக வேண்டும் என்றால் ஒரு வெளிநாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி. மற்ற மொழிகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஜப்பானிய மொழிக்கு மட்டும் யாரும் இல்லை. கூட்டம் இல்லாத கவுண்டரில் போய் நிற்பது மூட்டையின் வழக்கம். அங்கே போய் நின்றுவிட்டான்.

காதில் பாடத்தை மாட்டிக்கொண்டு, முதுகில் முப்பது கிலோவோடு மலை ஏறி இறங்கியே கற்றுக்கொண்டான். எழுத்து தெரியாது, எல்லாம் காது வழி. அதில் ஒரு விசித்திரமும் சேர்ந்துகொண்டது. சமதரையில் நின்று பேசினால் அவனுக்கு ஜப்பானிய மொழி திக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மட்டும் அருவியாகக் கொட்டும்.

போன மாதம் முதலாளிக்கு ஜப்பானிலிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. முதலாளி எதையும் முழுசாகப் படிக்கிற ஆள் அல்ல. அடிக்கோடு போட்டிருப்பதை மட்டும் படிப்பார். கடிதத்தில் 'வழிகாட்டி' என்பதற்கும் 'ஜப்பானிய மொழி' என்பதற்கும் அடிக்கோடு போட்டிருந்தது.

"மூட்டை, உன் நேரம் வந்துடுச்சு. ஜப்பானிய மொழின்னு கோடு போட்டுக் கேட்டிருக்காங்க" என்று சொல்லி, வழிகாட்டிகள் போடும் நீல ஜாக்கெட்டை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். உடனே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது இப்போதைக்கு இரவல்தான். மூணு நாள் நல்லபடியா முடிச்சுட்டு வா. உனக்கே தந்துடறேன். சொதப்பினா திரும்ப மூட்டைதான்."

தையல் கடை வைத்திருக்கும் அவன் மனைவி அந்த இரவல் ஜாக்கெட்டின் கையை அவன் அளவுக்குச் சின்னதாக்கிவிட்டாள். "திரும்பக் கேட்டா என்ன பண்றது?" என்று மூட்டை பதறினான். "கேக்கற மாதிரி வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்த ஜாக்கெட்டுக்குள் இப்போது வியர்த்துக் கொட்டியது.

ஒருவேளை குரல் கேட்கவில்லையோ? மூட்டை தொண்டையைச் செருமிக்கொண்டு, முழு வரவேற்புரையையும் முதலிலிருந்து, இரண்டு பங்கு சத்தத்தில் சொன்னான். மரத்திலிருந்து பறவைகள் பறந்தன. எட்டுப் பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு வெள்ளைமுடி அம்மாள் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.

மூட்டைக்கு உயிர் வந்தது. இது பாடம் ஆறு! விசிட்டிங் கார்டை இரண்டு கையால் வாங்க வேண்டும். மார்பளவு உயர்த்திப் பார்க்க வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒரு பச்சை இலைப் படம். மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்து. வாசித்தவன் போல் மூன்று முறை தலையாட்டிவிட்டு, மார்புப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. உங்கள் ஊரில் இப்போது மழையா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டான்.

அம்மாள் அவனையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நெட்டை மனிதரைப் பார்த்தார். நெட்டையும் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதே இலை, அதே எழுத்து. மூட்டை அதையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அவரிடமும் மழையைப் பற்றி விசாரித்தான். அடுத்த அட்டை வந்தது.

நடக்கத் தொடங்குவதற்குள் அவன் பையில் எட்டு அட்டைகள் சேர்ந்துவிட்டன.

"எல்லாரும் ஒரே கம்பெனி போலிருக்கு மச்சான். கார்டு மட்டும் குடுக்கறாங்க. பேச மாட்டேங்கறாங்க."

"பெரிய கம்பெனியா இருக்கும். பெரிய ஆளுங்க வளவளன்னு பேச மாட்டாங்க."

கிளம்புமுன் தலைகளை எண்ண வேண்டும். மூட்டை விரலை நீட்டி, "இச்சி, நீ, சான், ஷி..." என்று எண்ணத் தொடங்கியதும் மச்சான் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"இப்ப புரிஞ்சுது ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு. அந்தக் கண்ணாடிக்காரரைப் பாத்து 'நீ'ங்கறியே? அவருக்கு என் அப்பா வயசு!"

"ஐயோ மச்சான், அது ரெண்டு. அவங்க மொழியில ரெண்டுக்கு 'நீ'."

"என்னவா வேணா இருக்கட்டும். பெரியவரைப் பாத்து 'நீங்க'ன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

மச்சான் இரண்டு தடவை சொன்னால் மூட்டை கேட்டுவிடுவான். மறுபடி எண்ணினான். "இச்சி, நீங்க, சான், ஷி..." எட்டுப் பேரின் புருவங்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தடித்த கண்ணாடி போட்டிருந்த அந்தப் பெரியவர் சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதல் இரண்டு மணி நேரம் மூட்டை தன் மலையைக் காட்டிக்கொண்டே போனான். இது பாறைப் பல்லி. இது மழைக்கு முன்னால் மணக்கும் புதர். அந்தச் சரிவில்தான் மேகம் முதலில் இறங்கும். ஏற்றம் என்பதால் மொழி தங்குதடையின்றி வந்தது. எட்டுப் பேரும் அவன் காட்டிய திசையையெல்லாம் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். பேசவில்லை. அவர்களுக்குள்ளேயும் பேசிக்கொள்ளவில்லை என்பதை மூட்டை கவனித்தான். அது அவனை இன்னும் கலங்கடித்தது. என்மேல் அவ்வளவு கோபமா?

ஒற்றை மரத் திருப்பத்தில் மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மனைவியைக் கூப்பிட்டான். பின்னணியில் தையல் மெஷின் கடகடத்தது.

"பாடப் புத்தகம் பக்கத்துல இருக்கா?"

"கல்லாப்பெட்டி மேலதான் இருக்கு. என்ன ஆச்சு?"

"வரவேற்பு சொன்னேன். ஒருத்தரும் பதில் சொல்லல. தப்பா ஏதாவது சொல்லிட்டேனா பாரு."

மெஷின் நின்றது. தாள்கள் புரண்டன. காது வழிப் பாடங்களோடு வந்த மெல்லிய புத்தகம் அது. ஜப்பானிய வாக்கியங்களை நம் எழுத்தில் போட்டிருக்கும்.

"நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கு. பதில் சொல்லலைன்னா என்ன செய்யணும்னு இதுல போடலியே." சற்று யோசித்தாள். "பாடம் பதினேழு, மன்னிப்பு கேட்பது. எதுக்கும் பொதுவா ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. மன்னிப்பு கேட்டு யாரும் கெட்டுப்போனதில்ல."

பாடம் பதினேழு மூட்டைக்குத் தலைகீழாகத் தெரியும். எட்டுப் பேரையும் பாறை நிழலில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றி, நெகிழ்ந்த குரலில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அந்தப் பாடத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலில் பந்தை அடித்தவன்தான் மன்னிப்பு கேட்கிறான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"உங்கள் கண்ணாடியை உடைத்தது நான்தான். என்னை மன்னியுங்கள். நாளைக்கே புதுக் கண்ணாடி மாட்டித் தருகிறேன்."

தடித்த கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மாட்டிக்கொண்டார். பிறகு திடீரென்று எழுந்து ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"பெரிய மனுஷனை அழவச்சுட்டியே மாப்ள" என்றார் மச்சான்.

மூட்டை மரத்தடிக்கு ஓடினான். ஆறுதல் சொல்ல வேண்டும். ஆறுதலுக்கு அவனிடம் ஒரே ஒரு பாடம்தான் இருந்தது: ரயில் நிலையத்தில் தொலைந்துபோன குழந்தையிடம் பேசுவது. பெரியவரின் முதுகைத் தடவிக்கொண்டே மென்மையாகச் சொன்னான்:

"அழாதே கண்ணா. உன் அம்மா இதோ வந்துவிடுவார்."

பெரியவருக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும். மரமே ஆடும்படி குலுங்கினார். மற்ற ஏழு பேரில் மூன்று பேர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது அந்தக் கலக்கம் மச்சானுக்கும் தொற்றிக்கொண்டது. சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று ஒரு சொல் வர வேண்டுமே! உப்பு அதிகமோ என்று தண்ணீர் ஊற்றினார். சப்பென்று ஆகிவிட்டதோ என்று உப்புப் போட்டார். மறுபடி தண்ணீர். எட்டுப் பேருக்கு வைத்த சூப் இருபது பேருக்கு ஆகிவிட்டது. ஊற்ற ஊற்ற அவர்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்பதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

இரண்டாம் நாள் காலை, மலைக்குடிசையிலிருந்து உச்சிக்குப் புறப்பட்டபோது மூட்டை ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இவர்களுக்கு என் ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. நான் படித்தது வேறு ஏதோ மொழி. புரியாத காதுகளிடம் என்ன பேசினால் என்ன?

அந்த எண்ணம் வந்ததும் மனசு லேசாகிவிட்டது. செங்குத்தான ஏற்றத்தில், மூச்சு வாங்க, மனதில் இருந்ததையெல்லாம் ஜப்பானிய மொழியில் கொட்டினான்.

"ஒன்பது வருஷம் இதே வழியில் மூட்டை தூக்கினேன். மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள். பாரம் சுமக்கிறவன் முன்னால் போகிறவருடைய குதிகாலைத்தான் பார்ப்பான். இந்த ஊரில் யார் யார் செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த உச்சி எப்படி இருக்கும் என்று சரியாகத் தெரியாது. நேற்றிலிருந்துதான் முதல் தடவையாக முன்னால் நடக்கிறேன். எனக்கு முன்னால் குதிகாலே இல்லை. இவ்வளவு பெரிய மலையா இது என்று நேற்றுத்தான் ஆச்சரியப்பட்டேன். நாளைக்கு இந்த ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பரவாயில்லை. நான் பார்த்ததை யாரும் திரும்ப வாங்க முடியாது."

பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினான். எட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். வெள்ளைமுடி அம்மாள் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போவது போலிருந்தது. மூட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் வந்து, அவன் கையை இரண்டு கைகளாலும் ஒருமுறை அழுத்தினார்.

"போச்சு. இந்த அம்மாவையும் அழவச்சாச்சா?" என்றார் மச்சான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை குறுகி, ஒரு பக்கம் வெட்டவெளியாக விழுகிறது. மேகம் வந்து மூடியது. நெட்டை மனிதர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி, ஒரு நல்ல கோணத்துக்காகப் பக்கவாட்டில் ஒதுங்கினார். அவர் காலை வைக்கப்போன கல் எது என்று மூட்டைக்குத் தெரியும். மழைக்குப் பிறகு அது ஆடும். ஒன்பது வருடம் தரையைப் பார்த்தே நடந்தவனுக்கு அந்த மலையின் ஒவ்வொரு கல்லும் பரிச்சயம்.

"தோமாரே!" நில் என்று அவன் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கில் முட்டித் திரும்பியது.

நெட்டையின் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. மூட்டை பாய்ந்து அவர் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தான். அவர் பையின் நுனி பட்டு அந்தக் கல் அசைந்தது, சாய்ந்தது, மேகத்துக்குள் மறைந்தது. கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வர வெகு நேரம் ஆயிற்று.

ஒருவரும் அசையவில்லை. பிறகு நெட்டை மனிதர் வெளுத்த முகத்தோடு இடுப்புவரை குனிந்தார். ஏழு பேரும் கூடவே குனிந்தார்கள். நெடுநேரம் குனிந்தார்கள். ஆனால் ஒரு வார்த்தை? ம்ஹூம்.

உச்சியில் மச்சான் அவனைத் தனியாக அழைத்தார். "மாப்ள, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதே. உயிரைக் காப்பாத்தியும் ஒரு நன்றி வரல. இவங்க ஜப்பான்காரங்கதானா?"

மூட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஆனால் 'நில்' என்றதும் நெட்டை நின்றாரே? அந்தக் கத்தலுக்கு யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இறங்கும் வழியில் சிக்னல் கிடைத்ததும் முதலாளியைக் கூப்பிட்டான். அதைவிடப் பெரிய தவறை அந்த மூன்று நாளில் அவன் செய்யவில்லை.

"சார், ஆள் மாறிப்போச்சுன்னு நினைக்கறேன். இவங்க ஜப்பான்காரங்க இல்ல போலிருக்கு."

"பாஸ்போர்ட் நகல் எட்டும் என் மேசையில கெடக்கு. எல்லாம் ஜப்பான். என்ன உளர்றே?"

"ரெண்டு நாளா ஒரு வார்த்தைகூடப் பேசல சார்."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. "ரெண்டு நாளாவா? எட்டுப் பேருமா? அப்படி என்னய்யா பேசினே அவங்ககிட்ட?"

மூட்டை உண்மையைச் சொன்னான். கண்ணாடியை உடைத்தது, அம்மா வந்துவிடுவார் என்றது, எல்லாம். முதலாளி சிறிது நேரம் பேசவில்லை. அவர்களோடு இவரும் சேர்ந்துகொண்டாரோ என்று மூட்டைக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்குத் தொப்பிக்காரரைக் கூட்டிக்கிட்டு நானே அடிவாரத்துக்கு வர்றேன். காலுல விழுந்தாவது சமாதானம் பண்ணணும். ஜாக்கெட்டைக் கழட்டித் தயாரா வச்சுக்க."

தொப்பிக்காரர் நிறுவனத்தின் மூத்த வழிகாட்டி. மொழி விதி வருவதற்கு முன்பே சேர்ந்தவர், இருபது வருட அனுபவம். அவருக்குப் பக்கத்தில் நின்றால் யார் வழிகாட்டி, யார் மூட்டை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மூன்றாம் நாள் இறக்கம். மூட்டை வாயைத் திறக்கவில்லை. ஜாக்கெட்டை மடித்துப் பையின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு, பழைய பனியனோடு, தரையைப் பார்த்தபடி நடந்தான். பறவை வந்தது, காட்டவில்லை. பல்லி ஓடியது, பெயர் சொல்லவில்லை.

பத்து நிமிடம் போனது. பின்னால் ஒரு சலசலப்பு. யாரோ இருமினார்கள். கண்ணாடிக்காரர் ஒரு புதரைத் தடியால் தட்டி அவன் முகத்தைப் பார்த்தார். நெட்டை ஒரு பூவைக் காட்டிக் கண்ணை அகல விரித்தார். மூட்டை தலையை மட்டும் ஆட்டினான். கடைசியில் வெள்ளைமுடி அம்மாள் வந்து அவன் தோளைத் தட்டினார். தன் கைவிரல்களைப் பறவை அலகு மாதிரி திறந்து திறந்து மூடிக் காட்டினார். பேசு, பேசு.

"என்ன கேக்கறாங்க?" என்றார் மச்சான்.

"பேசச் சொல்றாங்க."

"கிண்டல் பண்றாங்களோ?"

அம்மாளின் முகத்தில் கிண்டல் இல்லை. கண்டிப்புடன் பையிலிருந்த ஜாக்கெட்டைத் தொட்டுக் காட்டி, போட்டுக்கொள் என்று சைகை செய்தார். மறுக்க முடியவில்லை. போட்டுக்கொண்டான். என்ன பேசுவது? இருந்ததையெல்லாம் பேசியாயிற்று. "இச்சி, நீ, சான், ஷி" என்று படிகளை எண்ணத் தொடங்கினான்.

எட்டு ஜோடிக் கால்கள் அந்தக் கணக்குக்கு ஒன்றாக அடி வைத்தன. அவன் வேகம் கூட்டினால் கூட்டின, குறைத்தால் குறைத்தன. வளைவில் ஒரு குதி போட்டுப் பார்த்தான். பின்னால் அறுபத்தைந்து வயதும் குதித்தது. மச்சானின் பாத்திரங்கள் தாளம் போட்டன. "நீ" வரும்போதெல்லாம் மச்சான் மட்டும் சத்தமாக "நீங்க" என்று திருத்தினார். வேலை போகப்போகிறது என்பதே மூட்டைக்கு மறந்துவிட்டது. மலை இறங்கும்போது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அடிவாரத்தில் முதலாளி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில் தொப்பிக்காரர். கொஞ்சம் தள்ளி, கடையைப் பூட்டிவிட்டுப் பாடப் புத்தகத்தோடு ஓடி வந்திருந்த மனைவி. குழுவை அழைத்துப் போகும் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஜப்பானில் இருந்துகொண்டு இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்பவள். இரண்டு மொழியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எட்டுப் பேரும் வரிசையாக மரக்கதவைத் தாண்டினார்கள். கடைசியாக வெள்ளைமுடி அம்மாள் தாண்டினார். கதவைச் சாத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அணை உடைந்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், சிரித்தார்கள், மூட்டையைச் சூழ்ந்துகொண்டார்கள். "அரிகாதோ! அரிகாதோ!" என்று நன்றி சொல்லி நெட்டை அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டையையே கழற்றப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "எங்க ஊர்ல மழைதான்! மூணு நாளா சொல்லணும்னு துடிச்சேன், மழைதான்!" என்று ஜப்பானிய மொழியில் கத்தினார். மூட்டைக்கு அது புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சமதரையில் நின்றுகொண்டே, திக்காமல், அவனும் பதில் சொன்னான்.

மனைவி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மச்சான் ஒவ்வொருவராகப் பிடித்து, "சூப்பு எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, இவங்க மூணு நாளா பேசலைன்னு சொன்னானே?"

"பேச மாட்டாங்களே சார். மௌனமா நடக்கறவங்க சங்கம் இது. வருஷத்துக்கு ஒரு மலை. இந்தக் கதவுல நுழைஞ்சதுலேர்ந்து திரும்ப வெளியே வர்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஜப்பான்ல எதிர்ல வர்றவங்க பேச்சுக் குடுத்தா காட்டறதுக்குன்னு கார்டுகூட வச்சிருப்பாங்க."

மூட்டை மார்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெட்கத்தில் நெளிந்தான்.

வெள்ளைமுடி அம்மாள் ஏதோ சொல்ல, அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். "முப்பது வருஷமா நடக்கறாங்களாம். இவ்வளவு கஷ்டப்பட்டு மௌனமா இருந்ததே இல்லையாம். அடுத்த வருஷம் மூணு குழு வருது. மூணுக்கும் இவர்தான் வேணுமாம். இவர் இல்லைன்னா வேற மலைக்குப் போயிடுவாங்களாம்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. மூட்டையின் ஜாக்கெட் காலரைத் தானே சரி செய்துவிட்டார். "இது இனிமே உன்னுது. இவன் வழிகாட்டி. பெயர்ப் பலகையில இன்னிக்கே எழுதிடறேன்." பிறகு தொப்பிக்காரர் பக்கம் திரும்பி, "ஒரு மொழி கத்துக்கோங்கன்னு இருபது வருஷமா சொல்றேன், கேட்டீங்களா? பாருங்க!" என்று ஒரு குட்டு வைத்தார். அதே சூட்டில் அந்தப் பெண்ணிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நீங்க கோடு போட்டுக் கேட்ட மாதிரியே ஆளைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கேன். எங்க நிறுவனத்துல வாடிக்கையாளர் எழுதினா எழுதினபடி நடக்கும்மா."

பஸ் படியில் கால் வைத்த பெண், ஜாக்கெட் போட்ட மூட்டையையும் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஆனா நாங்க எழுதினது, ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாத வழிகாட்டி வேணும்னுதானே சார்?"